ஹர்யவல்தா உலையின் கசடு: தாமிரம் எங்கே தங்கிவிடுகிறது?

தாமிரம் உருக்கும் உலையைப் பற்றிய பாடங்களில் ஒரு வரி தவறாமல் வரும்: கசடு இலேசானது, ஆகவே மேலே மிதக்கும், வடித்து நீக்கிவிடலாம். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு பெரிய உலையை நடத்தினால், ஆண்டுக்குச் சில ஆயிரம் டன் தாமிரம் கசட்டோடு சேர்ந்து குப்பை மேட்டுக்குப் போய்விடும். அடர்த்தி வேறுபாடு பிரிவதற்கான வாய்ப்பைத் தருகிறது, அவ்வளவுதான். உண்மையில் பிரிகிறதா என்பதை வேறு சில காரணிகள் தீர்மானிக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பார்ப்பதற்கு, பின்லாந்தின் ஹர்யவல்தா நகரில் 1949-இல் இயங்கத் தொடங்கிய ஃப்ளாஷ் உலையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஓர் இக்கட்டிலிருந்து தப்பிப்பதற்காகப் பிறந்த அந்த உலை, கசட்டில் தாமிரம் தங்கும் பழைய சிக்கலைப் புதிய வடிவில் கொண்டுவந்தது. உலகெங்கும் தாமிர உருக்காலைகள் இன்றுவரை அதோடுதான் மல்லுக்கட்டுகின்றன.

போரும் மின்சாரமும்

கிழக்குப் பின்லாந்தின் அவுட்டோகும்பு என்ற இடத்தில் 1910-இல் ஒரு தாமிரத் தாதுப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஊரின் பெயரையே தாங்கிய நிறுவனம், 1930களின் நடுவில் இமாத்ராவில் ஓர் உருக்காலையை நிறுவியது. வுவோக்சி ஆற்றின் நீர்மின்சாரம் அங்கே தாராளமாகக் கிடைத்தது. நிலக்கரி வளம் இல்லாத நாட்டில் மின்சாரத்தால் தாது உருக்குவது நியாயமான முடிவாகவே இருந்தது. ஒரு டன் ஊட்டத்துக்குச் சில நூறு யூனிட் மின்சாரம் செலவாகும் என்பது அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது.

1944-இல் போர்முனை இமாத்ராவை நெருங்கியது. ஆலையைப் பிரித்தெடுத்து, நாட்டின் தென்மேற்கில் கொகேமாகி ஆற்றங்கரையில் உள்ள ஹர்யவல்தாவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே அங்கே உருக்கும் வேலை தொடங்கிவிட்டது. ஆனால் போர் முடிந்தபோது கரேலியப் பகுதி சோவியத் ஒன்றியத்தின் கைக்குப் போயிருந்தது. அதோடு பின்லாந்தின் நீர்மின் திறனில் கணிசமான பகுதியும் போயிற்று. போர் இழப்பீடாகச் செலுத்த வேண்டிய இயந்திரங்களையும் கப்பல்களையும் கட்டும் தொழிற்சாலைகளும் அதே மின்சாரத்துக்காகக் காத்திருந்தன. மின் உலையில் தாமிரம் உருக்குவது கட்டுப்படியாகாத ஆடம்பரமாகிவிட்டது.

பெத்ரி ப்ரிக், ஜான் ரைசெலின் ஆகியோர் முன்னின்று நடத்திய முயற்சியின் அடிப்படை எண்ணம் எளியது. தாமிரத் தாதுவில் கந்தகமும் இரும்பும் ஏராளமாக இருக்கின்றன. இரண்டும் எரிந்தால் வெப்பம் தருபவை. வெளியிலிருந்து வெப்பம் கொடுப்பதற்குப் பதிலாகத் தாதுவையே எரிபொருளாக்கினால் என்ன? நன்றாக உலர்த்திய, மாவாக அரைபட்ட தாதுச் செறிவை (வெறுங்கல்லை நீக்கித் தாமிரத்தின் பங்கைக் கூட்டிய தாதுவை), முன்கூட்டியே சூடாக்கிய காற்றோடு கலந்து ஒரு செங்குத்தான தண்டுக்குள் மேலிருந்து தூவினார்கள். துகள்கள் கீழே வந்து சேர்வதற்குள், சில விநாடிகளில், எரிந்து உருகித் துளிகளாகிவிடும். துளிகள் கீழே ஒரு நீண்ட படிவுத்தொட்டியில் விழும். மேட் என்ற தாமிரம் மிகுந்த சல்பைடு உருகல் அடியில் தங்கும், கசடு மேலே நிற்கும், வாயு மறுமுனையில் உள்ள புகைத்தண்டு வழியாக மேலேறிப் போகும். 1949-இல் இது வணிக அளவில் வேலை செய்தது. கனடாவில் இன்கோ நிறுவனம் தூய ஆக்சிஜனைக் கொண்டு தனியாக உருவாக்கிய ஃப்ளாஷ் உலை 1952-இல் வந்தது. ஜப்பானின் ஃபுருகாவா நிறுவனம் 1956-இல் பின்லாந்து முறையை உரிமம் பெற்று ஆஷியோவில் நிறுவியது. இந்தியாவிலும் ஜார்க்கண்டின் காட்சிலா, ராஜஸ்தானின் கேத்ரி, பின்னர் குஜராத்தின் தஹேஜ் ஆகிய இடங்களுக்கு இதே முறைதான் வந்தது.

மின்கட்டணம் குறைந்த கதை இத்தோடு முடிந்தது. இனி கசட்டுக்கு வருவோம்.

இரண்டு திரவங்கள் ஏன் உருவாகின்றன

மேட் என்பது தாமிர சல்பைடும் இரும்பு சல்பைடும் சேர்ந்த உருகல். உருக்காலைக்கு வரும் செறிவில் தாமிரம் பொதுவாக 20 முதல் 30 சதவீதம். அதிலுள்ள இரும்பின் ஒரு பகுதியை ஆக்சைடாக்கிக் கசட்டுக்குத் தள்ளினால், எஞ்சிய சல்பைடில் தாமிரத்தின் பங்கு 45, 60, 65 சதவீதம் என்று உயரும். இதைத்தான் மேட்டின் தரம் என்கிறார்கள்.

இங்கே பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. உருகிய இரும்பு ஆக்சைடும் உருகிய சல்பைடுகளும் இயல்பில் ஒன்றோடொன்று கலக்காதவை அல்ல. மணலின் சிலிக்கா இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே திரவமாகவே நிற்கும். அந்தத் திரவத்தை எத்தனை நாள் அசையாமல் வைத்தாலும் அடுக்குகளாகப் பிரியாது. சிலிக்காவை இளக்கியாகச் சேர்க்கும்போதுதான் அது இரும்பு ஆக்சைடைப் பிணைத்துக்கொண்டு சிலிக்கேட்டு உருகலாகிறது. சல்பைடு அந்தப் பிணைப்பில் சேர்வதில்லை, தனித் திரவமாக ஒதுங்குகிறது. சிலிக்கா கூடக் கூட இரண்டு திரவங்களின் இயைபும் விலகிப்போகும். ஜப்பானின் அகிரா யாசாவா 1950களில் தொடங்கிச் செய்த ஆய்வுகள் இந்தப் பிரிவின் எல்லைகளை அளந்து காட்டின. உருக்காலைக்காரர்கள் பல நூற்றாண்டுகளாகக் கைப்பழக்கத்தில் மணல் போட்டுவந்ததற்கு அதில் கணக்கு கிடைத்தது.

ஆகவே பிரித்தலின் முதற்படி வேதியியல். சுமார் 1,250 டிகிரி செல்சியஸில், 30 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா கொண்ட கசடும் அதற்குக் கீழே மேட்டும் என்ற இரண்டு அடுக்குகள் சாத்தியமாகின்றன. கசட்டின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 3.3 முதல் 3.7 கிராம். மேட்டின் அடர்த்தி தரத்தைப் பொறுத்து 4-இலிருந்து 5-ஐச் சற்றுத் தாண்டும். வேறுபாடு போதுமானது என்றுதான் தோன்றும்.

துளியின் கணக்கு

உருகிய கசட்டுக்குள் மூழ்கும் ஒரு மேட் துளியின் வேகத்தை ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டு யாரும் கணக்கிடலாம். அடர்த்தி வேறுபாட்டை 1.3 என்றும் கசட்டின் பாகுத்தன்மையை 0.2 பாஸ்கல்-விநாடி என்றும் வைத்துக்கொள்வோம். பாகுத்தன்மைக்கு இது கொஞ்சம் தாராளமான, உலைக்குச் சாதகமான எண். 1 மி.மீ. விட்டமுள்ள துளி ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். 0.1 மி.மீ. துளிக்கு எட்டு மணி நேரம். 0.01 மி.மீ. துளிக்கு ஒரு மாதத்துக்கும் மேல். துளியின் அளவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. அடர்த்தியோ பாகுத்தன்மையோ இந்த அளவுக்குக் கதையை மாற்றுவதில்லை.

இப்போது இதை உலையோடு பொருத்திப் பார்க்கலாம். இன்றைய பெரிய ஃப்ளாஷ் உலை ஒன்றின் படிவுத்தொட்டி சுமார் 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம் என்று கொள்வோம். கசட்டு அடுக்கின் ஆழம் அரை மீட்டர். அப்படியானால் எந்த நேரத்திலும் தொட்டியில் நிற்கும் கசடு ஏறத்தாழ 245 டன். நாளுக்கு 2,000 டன் செறிவை உருக்கும் உலை, மணிக்கு 50 டன் அளவில் கசடு தரும். சராசரியாகக் கசடு தொட்டியில் தங்கும் நேரம் ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. அந்த நேரத்தில் அரை மீட்டர் இறங்கி அடியைத் தொட வேண்டுமானால், துளியின் விட்டம் குறைந்தது 0.09 மி.மீ. இருக்க வேண்டும்.

இந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, தண்டின் மேலே தூவப்படும் செறிவைப் பாருங்கள். நுரை மிதப்பு முறையில் பிரிப்பதற்காக மாவாக அரைக்கப்பட்ட அதன் துகள்களில் பெரும்பாலானவை 0.1 மி.மீ.க்கும் சிறியவை. ஒரு துகள் எரிந்து உருகினால் அதில் ஒரு பகுதி ஆக்சைடாகிவிடும். எஞ்சும் மேட் துளி இன்னும் சிறியது. அதாவது, ஒவ்வொரு துகளும் தனித்தனியே தன் மேட் துளியைக் கசட்டில் விட்டிருந்தால், அதில் பெரும்பகுதி ஐந்து மணி நேரத்தில் அடியைத் தொட்டிருக்காது. ஃப்ளாஷ் உலை வேலை செய்கிறது என்பதே துளிகள் ஒன்றோடொன்று சேர்கின்றன என்பதற்குச் சான்று.

இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பிரித்தல் என்பது மூழ்குவதைப் பற்றியதல்ல, சேர்வதைப் பற்றியது. சேர்ந்து பெருத்த துளி தானாக இறங்கிவிடும். சேராத துளியை இறக்க எந்தத் தொட்டியின் நீளமும் போதாது.

சேர்தல் எங்கே நிகழ்கிறது? தண்டிலேயே கொஞ்சம் நிகழும். அதன் அடிவாரத்தில், துளிமழை கசட்டுப் பரப்பைத் தாக்கும் இடத்தில், நிறைய நிகழும். பின்பு தொட்டிக்குள் பெரிய துளிகள் வேகமாக இறங்கும்போது வழியில் உள்ள சிறியவற்றை வாரிக்கொண்டு போகும். இதில் ஒரு முரண் இருக்கிறது. துளிகள் மோத வேண்டுமானால் கலக்கம் வேண்டும். ஆனால் கலக்கம் மிஞ்சினால், ஏற்கெனவே படிந்த மேட் அடுக்கின் பரப்பிலிருந்து புதிய துளிகள் கிளம்பிக் கசட்டுக்குள் ஏறும். அதனால்தான் ஃப்ளாஷ் உலையில் தண்டு ஒரு முனையிலும் கசட்டு வடிதுளை எதிர்முனையிலும் இருக்கின்றன. மோதல் முதலில், அமைதி பிறகு.

மேக்னடைட்டு என்ற மூன்றாவது ஆள்

பழைய எதிரனல் உலையோடு ஒப்பிட்டால்தான் ஹர்யவல்தா உலை எதை விட்டுக்கொடுத்தது என்பது தெரியும். எதிரனல் உலை 30 மீட்டருக்கு மேல் நீளமும் 10 மீட்டர் அளவு அகலமும் கொண்ட ஒரு பெரிய, சோம்பேறித்தனமான குளம். மேலே தீச்சுவாலை வெப்பம் கொடுக்கும், தாது மெல்ல உருகும், ஆக்சிஜனேற்றம் மிகக் குறைவு. எரிபொருளை அது வெட்கமில்லாமல் விழுங்கும். ஆனால் அதன் கசட்டில் தாமிரம் 0.4 முதல் 0.6 சதவீதம்தான் இருக்கும், அப்படியே கொட்டிவிடலாம். மேலும், மேட்டைத் தாமிரமாக்கும் மாற்றி உலைகளிலிருந்து வரும் தாமிரம் மிகுந்த கசட்டையும் உருகிய நிலையிலேயே இதில் ஊற்றிவிடுவார்கள். அதிலுள்ள தாமிரமும் இங்கே இறங்கிவிடும். உருக்கும் உலை, கசடு துப்புரவு செய்யும் உலை என இரண்டு வேலைகளை அது ஒரே இடத்தில் பார்த்தது.

ஃப்ளாஷ் உலை முதல் வேலையை அபாரமாகச் செய்தது. இரண்டாவது வேலை நழுவியது. காரணம் ஆக்சிஜன். வெப்பத்துக்காக இரும்பை எரிக்கும்போது அது கசட்டுக்கு வேண்டிய ஆக்சைடோடு நிற்பதில்லை, மேலும் ஆக்சிஜனை ஏற்று மேக்னடைட்டாகிறது. தண்டுக்குள் எல்லாத் துகளுக்கும் ஒரே அளவு ஆக்சிஜன் கிடைப்பதும் இல்லை. சிறிய துகள்கள் தேவைக்கு மேல் எரிந்து மேக்னடைட்டாகவும் தாமிர ஆக்சைடாகவும் வந்து விழும். பெரியவை அரைகுறையாக எரிந்து சல்பைடாகவே வரும். இரண்டும் தொட்டியில் சந்தித்து மீதி வேதிவினையை அங்கே முடிக்க வேண்டும்.

மேக்னடைட்டின் உருகுநிலை சுமார் 1,590 டிகிரி. உலை நிற்பது 1,250-க்கும் 1,300-க்கும் இடையில். கசட்டில் கரையும் அளவுக்கு மேலுள்ள மேக்னடைட்டு திண்மமாகப் படிகமாகும். அப்போது கசடு, ஆறி ஆடை கட்டத் தொடங்கிய கஞ்சியாகிவிடுகிறது: பார்க்கத் திரவம்தான், ஆனால் உள்ளே விழுந்தது எதுவும் எளிதில் அடிக்குப் போகாது. பாகுத்தன்மை இரண்டு மடங்கானால், மேலே போட்ட கணக்கில் 0.09 மி.மீ. என்ற எல்லை 0.13-க்குப் போய்விடும். இன்னும் மோசமானது, மேக்னடைட்டுப் படிகங்கள் மேட் துளிகளோடு ஒட்டிக்கொள்வது. ஒட்டிய துளியின் சராசரி அடர்த்தி குறையும், பக்கத்துத் துளியோடு சேர்வதும் தடைப்படும். மேட்டுக்கும் கசட்டுக்கும் நடுவே சில நேரம் கட்டியான ஓர் இடை அடுக்கே உருவாகிவிடும். வடிகம்பியை இறக்கி ஆழம் பார்ப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும், கம்பி அங்கே தயங்கும்.

மேக்னடைட்டு மேட்டில் உள்ள இரும்பு சல்பைடோடு வினைபுரிந்து மீண்டும் சாதாரண இரும்பு ஆக்சைடாக மாறலாம். நல்லதுதானே என்றால், முழுதும் நல்லதல்ல. அந்த வினையில் கந்தக டை ஆக்சைடு வாயு பிறக்கிறது. வினை நடப்பது இரண்டு அடுக்குகளும் தொடும் இடத்தில். அங்கே பிறக்கும் குமிழி, தன் மேல் மெல்லிய மேட் படலத்தைப் போர்த்திக்கொண்டு கசட்டுக்குள் மேலேறும், வழியில் படலம் கிழிந்து நுண்துளிகளாகச் சிதறும். சுரங்கத்தில் நுரை மிதப்பு முறையில் சல்பைடைக் குமிழியில் ஏற்றிப் பிரித்தெடுத்தார்கள். அதே சல்பைடு இங்கே அழைக்காமலேயே குமிழியில் ஏறுகிறது.

மேக்னடைட்டை முழுவதும் ஒழித்துவிடலாம் என்றும் யாரும் நினைப்பதில்லை. உலையின் அடித்தளத்திலும் சுவர்களிலும் மெல்லிய மேக்னடைட்டுப் படலம் படிந்தால், அது செங்கற்களைக் கசட்டின் அரிப்பிலிருந்து காக்கும். படலம் தடித்தால் தொட்டியின் கொள்ளளவு குறையும், கசடு தங்கும் நேரமும் குறையும். ஒரு நல்ல உலைப் பொறுப்பாளரின் திறமையை நான் அளப்பதானால், இந்தப் படலத்தை எவ்வளவு தடிமனில் வைத்திருக்கிறார் என்பதை வைத்துத்தான் அளப்பேன்.

சிலிக்காவிலும் இதேபோன்ற இழுபறி உண்டு. குறைந்தால் மேக்னடைட்டு கூடும். மிகுந்தால் சிலிக்கேட்டுச் சங்கிலிகள் நீண்டு கசடு தடிக்கும், கசட்டின் மொத்த அளவும் பெருகும். வெப்பநிலையை உயர்த்தினால் இரண்டு தொல்லையும் தணியும், செங்கல்லின் ஆயுள்தான் விலை.

கரைந்துபோன தாமிரம்

இதுவரை பேசியது துளியாகச் சிக்கிய தாமிரம். கசட்டில் இன்னொரு தாமிரமும் இருக்கிறது: அயனியாகக் கரைந்தது. இதற்குத் துளியும் இல்லை, விட்டமும் இல்லை, ஸ்டோக்ஸ் விதியும் இல்லை. தொட்டியை இரண்டு மடங்கு நீளமாக்கினாலும் இதில் ஓர் அணுவும் இறங்காது.

கரையும் அளவை ஆக்சிஜன் தீர்மானிக்கிறது. மேட்டில் இரும்பு சல்பைடு தாராளமாக இருக்கும்வரை அது தாமிரத்தின் காவலாக நிற்கும். ஆக்சிஜன் முதலில் இரும்பைத்தான் பிடிக்கும், தாமிர ஆக்சைடு உருவானாலும் இரும்பு சல்பைடு அதை மீண்டும் சல்பைடாக்கிவிடும். மேட்டின் தரம் உயர உயரக் காவல் தளரும். 70 சதவீதத்தை நெருங்கித் தாண்டும்போது கசட்டில் கரையும் தாமிரம் விறுவிறுவென ஏறும். மேட் என்ற படியையே தவிர்த்து ஒரே உலையில் கொப்புளத் தாமிரம் (கிட்டத்தட்டத் தூய தாமிரம்) வரை போகும் ஆலைகளில் கசட்டின் தாமிரம் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. போலந்தின் குவோகூவ், ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் ஆகியவை அந்த வகை. அங்கே கசடு என்பது கிட்டத்தட்ட இன்னொரு தாது.

ஹர்யவல்தாவில் 1971-இல் காற்றோடு ஆக்சிஜன் செறிவூட்டத் தொடங்கினார்கள். ஆக்சிஜன் கூடினால் கூடவே வரும் பயனற்ற நைட்ரஜன் குறையும், அதைச் சூடாக்கும் வெப்பம் மிச்சமாகும், வாயுவின் அளவு குறையும், கந்தக அமில ஆலைக்கு அடர்ந்த வாயு கிடைக்கும். ஒரே உலையில் இன்னும் அதிகமாக உருக்கலாம், இன்னும் உயர்ந்த தரமுள்ள மேட்டை எடுக்கலாம். எல்லாமே இலாபம்தான், கசட்டைத் தவிர.

இதை ஒரு சின்னக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 25 சதவீதம் தாமிரம், 29 சதவீதம் இரும்பு கொண்ட 100 டன் செறிவு. கசட்டில் இரும்பு 40 சதவீதம் என்று கொள்வோம். 45 சதவீத மேட் எடுத்தால் 34 டன் அளவு கசடு வரும். அதில் 0.5 சதவீதம் தாமிரம் என்றால் இழப்பு 0.17 டன். அதே செறிவிலிருந்து 65 சதவீத மேட் எடுத்தால் கூடுதல் இரும்பு கசட்டுக்குப் போவதால் கசடு 61 டன் ஆகிறது. அதில் தாமிரம் 1.5 சதவீதம் என்றால் இழப்பு 0.9 டன். கசட்டின் சதவீதம் மூன்று மடங்கானபோது தாமிர இழப்பு ஐந்து மடங்குக்கு மேல் போய்விட்டது, ஏனென்றால் கசட்டின் எடையும் கூடவே வளர்ந்தது. முதல் கணக்கில் மேட்டில் மிஞ்சிய இரும்பு பின்னர் மாற்றி உலையில் கசடாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் டன் செறிவு உருக்கும் ஆலைக்கு இந்த 0.9 டன், 4,500 டன் தாமிரமாகிறது. அதைக் கொட்டிவிட்டு யாரும் தூங்க முடியாது.

கசட்டை இரண்டாம் முறை பிரிப்பது

ஃப்ளாஷ் உலைக் கசட்டை அப்படியே கொட்ட முடியாது என்றானபின் இரண்டு வழிகள் உருவாயின. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, சிக்கிய தாமிரம் அதிகமா, கரைந்த தாமிரம் அதிகமா என்பதைப் பொறுத்தது. மெருகேற்றிய கசட்டுத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் வட்டமான மேட் துளிகள் பளிச்சென்று தெரியும். கரைந்திருந்தது, உறையும்போது பிரிந்த மிக நுண்ணிய புள்ளிகளாகத் தெரியும். மொத்தச் சதவீதத்தை மட்டும் கேட்டு முடிவெடுக்கும் ஆலைகள் தவறான வழியில் முதலீடு செய்யும் என்பது என் கருத்து.

முதல் வழி மின் உலை. ஃப்ளாஷ் உலையிலிருந்து கசடு நேராக இங்கே ஓடிவரும். கரி மின்முனைகள் கசட்டுக்குள் இறங்கி அதைச் சூடாக வைத்திருக்கும். கல்கரி சேர்க்கப்படும். கரி மேக்னடைட்டைக் குறைத்து இளக்கும், கரைந்த தாமிரத்தையும் ஓரளவு திரும்பப் பிடிக்கும். சில மணி நேரம் அமைதியாக நிற்கவிட்டால் துளிகள் இறங்கும். கசட்டின் தாமிரம் 0.5 முதல் 0.9 சதவீதத்துக்கு வந்துவிடும். செலவு டன் கசட்டுக்கு 15 முதல் 70 யூனிட். மின்சாரத்திடமிருந்து தப்பிக்கப் பிறந்த உலையின் பின்னால் மறுபடியும் ஒரு மின் உலை வந்து நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் கணக்கு சரியானதுதான். சில நூறு யூனிட் செலவழித்துத் தாது முழுவதையும் உருக்குவது வேறு, ஏற்கெனவே உருகிய கசட்டைச் சூடு ஆறாமல் வைத்திருப்பது வேறு.

இரண்டாவது வழி, திரவமாக இருக்கும்போது பிரிக்கும் முயற்சியையே கைவிடுவது. கசட்டைப் பெரிய பானைகளிலோ குழிகளிலோ ஊற்றி மெதுவாக ஆறவிடுவார்கள். இங்கே மெதுவாக என்பதுதான் முக்கியம். வெப்பநிலை சுமார் 1,000 டிகிரிக்கு இறங்கும்வரை கரைந்த தாமிரம் வெளியேறி ஏற்கெனவே உள்ள துளிகளில் சேரும், துளிகள் பெருக்கும். அதற்குக் கீழே போனபின் எவ்வளவு காத்திருந்தாலும் பெரிய பயன் இல்லை. பிறகு கசட்டை உடைத்து, மாவாக அரைத்து, சுரங்கத்தில் செய்வதுபோலவே நுரை மிதப்பு முறையில் தாமிரத் துகள்களை மிதக்கவைத்து எடுக்கலாம். எஞ்சும் கழிவில் தாமிரம் 0.3 முதல் 0.5 சதவீதம். பிரித்த செறிவு மறுபடியும் ஃப்ளாஷ் உலைக்கே போகும். ஹர்யவல்தாவில் கசடு இப்படித்தான் அரைபடுகிறது. 2000களின் தொடக்கத்தில் அந்த உருக்காலை ஸ்வீடனின் போலிடன் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

இரண்டில் நான் பின்னதன் பக்கம். மின் உலை, முதல் உலையில் தோற்ற அதே போட்டியை இன்னொரு மைதானத்தில் நடத்துகிறது. அங்கேயும் துளி சேர வேண்டும், இறங்க வேண்டும், நேரம் போதாது. அரைக்கும் வழி போட்டியின் விதியையே மாற்றுகிறது: துளி அசைய வேண்டியதில்லை, அது இருக்கும் இடத்துக்கு அரைக்கும் இயந்திரம் போகிறது. ஆனால் அதற்குப் பரந்த இடம் வேண்டும், ஆறவிடப் பொறுமை வேண்டும், கழிவை மாவாகக் கொட்டிவைக்கும் பொறுப்பும் வந்துசேரும். நெருக்கடியான இடத்தில் நிற்கும் ஆலைக்கு மின் உலையே சரி.

தூத்துக்குடிக்கும் பொருந்தும் ஒன்று

தமிழ் வாசகர்களுக்குத் தாமிரக் கசடு என்றதும் நினைவுக்கு வருவது ஹர்யவல்தா அல்ல, தூத்துக்குடி. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் மூடப்பட்ட ஸ்டெர்லைட் ஆலையின் கசடு உப்பாற்றுக் கரையில் கொட்டப்பட்டது பற்றிய வழக்குகளையும் செய்திகளையும் பலர் படித்திருப்பார்கள். அங்கே இருந்தது ஃப்ளாஷ் உலை அல்ல, ஆஸ்திரேலியாவில் உருவான ஐசாஸ்மெல்ட் உலை. மேலிருந்து இறங்கும் ஒரு நீண்ட குழாய் உருகலுக்குள் மூழ்கி ஆக்சிஜன் செறிந்த காற்றை ஊதும். உருகல் முழுவதும் கொந்தளித்துக்கொண்டே இருக்கும். அந்த உலைக்குள் மேட்டும் கசடும் பிரிவதற்கு இடமே கிடையாது. இரண்டையும் ஒரே வடிதுளை வழியாக ஒன்றாக வடித்து, பக்கத்தில் உள்ள சுழலும் படிவு உலைக்கு அனுப்புவார்கள். பிரித்தல் அங்கேதான் தொடங்கும். வினையையும் பிரிவையும் இரண்டு பாத்திரங்களாகப் பிரித்த வடிவமைப்பு அது. ஹர்யவல்தாவில் தண்டும் தொட்டியும் ஒரே உலையின் இரண்டு பகுதிகள். எந்த முறையானாலும் மேக்னடைட்டும் துளியின் விட்டமும் கேட்கும் கேள்விகள் அதேதான்.

படிவு உலையிலிருந்து வந்த கசடு, நீரைப் பீய்ச்சிக் குறுமணிகளாக்கப்பட்டது. கப்பல் உடற்பகுதியைத் துப்புரவு செய்யவும், சாலைக்கும் கட்டுமானத்துக்கும் மணலுக்கு மாற்றாகவும் விற்பதற்கு அந்த வடிவம் வசதியானது. ஆனால் நீரில் விழுந்த கசடு நொடியில் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. 1,000 டிகிரி வரை மெதுவாக இறங்கும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கவில்லை, கரைந்த தாமிரம் வெளியேறவில்லை, துளிகள் வளரவில்லை. இப்படி உறைந்த குறுமணியை பின்னொரு நாளில் அரைத்து மிதக்கவைத்துத் தாமிரம் எடுக்கலாம் என்று யாராவது திட்டம் தீட்டினால், மெதுவாக ஆறிய கசட்டில் கிடைக்கும் மீட்பு விகிதத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. எடுக்க வேண்டியதை, கசடு திரவமாகப் படிவு உலையில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும்.